உருளும் வீட்டின் வாயில்லாக் குடித்தனக்காரர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையை ஒட்டி, குவார்ட்சைட் என்றொரு பாலைவன ஊர் இருக்கிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர். ஜனவரி மாதம் அந்த ஊருக்குப் போகிறவர் இந்தக் கணக்கை நம்ப மாட்டார். மினசோட்டா, மிச்சிகன், ஒரிகான், கனடாவின் ஆல்பெர்ட்டா என்று பனி கொட்டும் ஊர்களின் எண்பலகை தாங்கிய வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். நம் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனை நினைத்துக்கொள்ளலாம், அங்கே ஆர்.வி. என்பார்கள், அதிலேயே பலர் ஆண்டு முழுக்கக் குடித்தனம் நடத்துகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்கிக்கொள்ளப் பல ஆண்டுகளாக 180 டாலர்தான் வாங்கிவந்திருக்கிறது. குடிநீரும் கழிவுநீர் கொட்டும் வசதியும் அதற்குள் அடக்கம். நிறைய வண்டிகளின் வாசலில் நாய் ஒன்று வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கும். அதன் முகத்தில் குறை ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உள்ள நிலவரம். அதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வடக்கே வீட்டை விற்றோ காலி செய்தோ, நாயையும் பூனையையும் ஏற்றிக்கொண்டு, டிசம்பரிலோ ஜனவரியிலோ முதன்முறையாக முழுநேர ஆர்.வி. வாழ்க்கைக்குப் புறப்படும் வாரங்கள் அவை. இந்த வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் சுதந்திரத்தைப் பேசுகிறார்கள். இகழ்கிறவர்கள் குளிரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். இரண்டு தரப்பும் தவறான இடத்தில் கைவைக்கிறது என்பது என் கட்சி. பெரும்பாலான நாய்களுக்குக் குளிர் பெரிய எதிரியே அல்ல. இந்த முறையின் உண்மையான பலவீனம் மாற்று இல்லாமை. வீடு, வாகனம், மின்நிலையம், தண்ணீர்த் தொட்டி, நாய்க் கொட்டில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்று படுத்தால் மற்றவையும் கூடவே படுக்கும். குளிர்காலம் அந்தக் குறையைச் சீக்கிரமாக அம்பலப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் ஏன் கிளம்ப வேண்டும் என்று கேட்பது எளிது. வீட்டு விற்பனை முடிவாகும் தேதி நம் கையில் இல்லை. வாடகை ஒப்பந்தம் ஆண்டு முடிவோடு தீரும். பணி ஓய்வு டிசம்பர் 31-இல் விழும். வடமாநில விற்பனையாளர்கள் பருவம் முடிந்த வண்டிகளை விலை குறைத்துத் தள்ளிவிடும் காலமும் அதுவே. இவர்களில் ஒரு பகுதியினர் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள். ஜெசிக்கா புரூடர் 2017-இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ நூல் அவர்களுடைய நாள்காட்டியை விவரமாகச் சொல்கிறது: அக்டோபரில் வடக்கு டகோட்டா, மினசோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பிறகு கிறிஸ்துமஸ் வரை அமேசான் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. அதற்கென்றே அந்த நிறுவனம் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற திட்டத்தை 2008-இல் தொடங்கி நடத்தியது, இப்போது இல்லை. கிறிஸ்துமஸோடு வேலையும் முடிந்தது. அப்புறம் தெற்கே போவதைத் தவிர வேறு வழி ஏது? ஆக, குளிர்காலப் புறப்பாடு பலருக்கு விருப்பம் அல்ல, சூழ்நிலை தள்ளிவிட்ட தேதி.

இந்த வாழ்க்கைக்கு இலக்கிய முன்னோடியாக எல்லோரும் ஜான் ஸ்டைன்பெக்கை இழுப்பார்கள். 1960-இல் ஒரு சிறு லாரியின் முதுகில் அறை கட்டி, அதற்கு டான் கிகோட்டேயின் குதிரைப் பெயரான ‘ரோசினாந்தே’யைச் சூட்டி, சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தவர் அவர். அந்தப் பயண நூல் 1962-இல் வந்தது. அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு புனைந்தது என்று பிற்பாடு கேள்விகள் எழுந்தன. அது வேறு வழக்கு. நமக்கு வேண்டியது வேறு. ஸ்டைன்பெக் செப்டம்பரில் கிளம்பினார், கடுங்குளிருக்கு முன் திரும்பிவிட்டார். அவர் போனபோதும் வந்தபோதும் நியூயார்க் மாநிலத்தில் அவர் வீடு அப்படியே இருந்தது. அவர் செய்தது பயணம். முழுநேரக் குடியிருப்பு அல்ல. சார்லியின் பெயரைச் சொல்லி வீட்டை விற்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. வழியில் சார்லிக்குச் சிறுநீர் உபாதை வந்ததும், வாஷிங்டன் மாநிலத்தில் பார்த்த மருத்துவர்மீது ஸ்டைன்பெக் கடுப்பானதும், பிறகு டெக்சாஸின் அமரில்லோவில் ஒரு நல்ல மருத்துவர் கிடைத்ததும்கூட அந்த நூலிலேயே இருக்கின்றன. நாயோடு ஊர் சுற்றுவதில் உள்ள சிக்கல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. படித்தவர்கள் நிலக்காட்சிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன நல்லது அல்ல. அமெரிக்க நகரத்தில் வேலைக்குப் போகும் ஒருவருடைய நாய் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறது. உருளும் வீட்டில் அதன் ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். காலையில் கதவைத் திறந்தால் புது மண்ணின் வாசனை. நாய்க்கு இதைவிடப் பெரிய சொத்து இல்லை. தவிரவும், விலங்கை வைத்துக்கொண்டு இந்த வாழ்க்கையைத் தொடங்கக் கோடையைவிடக் குளிர்காலம் பாதுகாப்பானது என்று துணிந்து சொல்லலாம். வெளியே 21 டிகிரி செல்சியஸ் உள்ள இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் அரைமணி நேரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடும் என்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அட்டவணை. ஆர்.வி. காரைவிட மெல்லச் சூடேறும், ஆனால் கோடையில் அதன் குளிர்சாதனம் முகாமின் மின்கம்பத்தை நம்பி ஓடுகிறது. மின்சாரம் போனால், காய்கறி வாங்கக் கடைக்குப் போன எஜமானர் திரும்புவதற்குள் நாய் செத்துக் கிடக்கலாம். குளிரில் அந்த அவசரம் இல்லை. சூடேற்றும் ஃபர்னஸ் நின்றுபோன வண்டிக்குள் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும்; ரோமம் அடர்ந்த நாய் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்து, ஆள் வந்து சேர நேரமிருக்கிறது. சிவாவா போன்ற மெல்லிய தோல் குட்டிநாய்க்கும், மூட்டுவலி கண்ட கிழநாய்க்கும் இந்தச் சலுகை பொருந்தாது. மற்றபடி பாலைவனத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள் கிடப்பதும், கவ்வினால் நாயைக் கொல்லக்கூடிய சோனோரா விஷத் தேரை மண்ணுக்குள் ஒடுங்கியிருப்பதும் இதே மாதங்களில்தான்.

இனி வண்டி. இங்கேதான் குளிர்காலம் தன் கணக்கைத் தீர்க்கிறது.

அமெரிக்காவின் ஆர்.வி.களில் மிகப் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. பெருந்தொற்றுக் காலத்து மோகத்தில், 2021-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. பலவற்றின் சுவர் இரண்டு அங்குலம்கூடத் தேறாது. ‘நான்கு பருவத்துக்கும் ஏற்றது’ என்று பக்கவாட்டில் ஒட்டியிருப்பது விற்பனைச் சொல். எத்தனை டிகிரி வரை தாங்க வேண்டும் என்று வரையறுக்கும் பொது அளவுகோல் எதுவும் அதற்குப் பின்னால் கிடையாது. இந்தப் பெட்டியைச் சூடாக வைத்திருப்பது புரோப்பேன் ஃபர்னஸ். நடுத்தரமான 30,000 பி.டி.யு. திறனுள்ள ஒன்று ஓயாமல் எரிந்தால், 9 கிலோ சிலிண்டர் சுமார் 14 மணி நேரத்தில் காலி. விட்டுவிட்டு எரிவதால் இரண்டு நாள் வரலாம். கடுங்குளிரில் ஒரே நாளோடு போகும். பின்னிரவில் தீர்ந்தால் இன்னொரு சிலிண்டருக்குத் தானாக மாற்றிவிடும் கருவி உண்டு, இரண்டாவதில் வாயு இருந்தால்.

வாயு இருந்தும் ஃபர்னஸ் நிற்கலாம் என்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும் செய்தி. சூடான காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. விற்பனையாளர் வண்டியோடு தரும் ஒற்றை ஈய-அமில பேட்டரியில், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதிதான்; மின் இணைப்பு இல்லாத இடத்தில் உறைகுளிர் இரவு ஒன்றே அதைத் தின்று தீர்த்துவிடும். நல்ல பேட்டரி வாங்கிப் போட்டால்? இப்போது எல்லோரும் நாடும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து பழுதாகும். அதனால் அதன் காவல் சுற்றே சார்ஜ் ஆகாமல் தடுத்துவிடும். விடிந்து சூரியன் வந்தபின்னும், பேட்டரிக்கு உடம்பு சூடேறும்வரை கூரையின் சோலார் பலகை சும்மா கிடக்கும். அந்தச் சூரியனும் டிசம்பரில் கஞ்சன். தெற்கே குவார்ட்சைட்டிலேயே நண்பகலில் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. கூரையில் மட்டமாகப் பதித்த பலகையில் சாய்வாக விழும் ஒளியிலிருந்து பாதியளவு மின்சாரம் வந்தால் பெரிது. வடக்கே நிலைமை இன்னும் மோசம்.

வாயுவை மிச்சம் பிடிக்க, முகாமின் மின்சாரத்தில் ஓடும் சின்ன ஹீட்டரை வைப்பது அடுத்த தந்திரம். உள்ளே கதகதப்பாக இருக்கும், நாயும் அதன் முன்னால் சுருண்டு படுக்கும். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. பல வண்டிகளில் அடிவயிற்றில் உள்ள தொட்டிகளையும் குழாய்களையும் உறையாமல் காப்பது ஃபர்னஸிலிருந்து கீழே போகும் சூடான காற்று. ஹீட்டர் அறையைச் சூடாக்கிவிட்டதால் ஃபர்னஸ் எரியவே தேவை வரவில்லை; கீழே எல்லாம் கட்டியாகிவிட்டது. இதை வண்டி வாங்கும்போது சொல்லித்தருபவர் அரிது.

ஈரத்தின் கதை இன்னும் நயவஞ்சகமானது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். ஃபர்னஸின் புகை வெளியே போவதால் அதனால் தொல்லை இல்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத கையடக்க வாயு ஹீட்டரும் சமையல் அடுப்பும் அந்த நீரை அப்படியே அறைக்குள் விடுகின்றன. அதோடு இரண்டு மனிதர்களின் மூச்சு, ஒரு பெரிய நாயின் மூச்சு, பனியில் புரண்டுவந்த அதன் நனைந்த ரோமம், அதன் தண்ணீர்க் கிண்ணம். எல்லாம் சேர்ந்து மெத்தைக்கு அடியிலும் அலமாரியின் பின்சுவரிலும் நீர்த்துளியாகக் கோர்த்துப் பூசணம் பிடிக்கும். தீர்வு சன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பது. அப்படித் திறந்தால் வாயு இன்னும் செலவாகும். திறக்காமல் அந்த ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு. கூண்டில் கிளியோ குருவியோ வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பறவைகளின் நுரையீரல் காற்றில் கலந்த எதையும் நம்மைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும். ஒட்டாத பாத்திரத்தின் பூச்சு தீய்ந்து வரும் புகை ஒன்றே அவற்றைக் கொல்லப் போதும், அதுவும் இத்தனை சின்ன அறையில். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அரசு கொடுத்த டிரெய்லர்களில் ஃபார்மால்டிஹைடு வாயு அதிகமாக இருந்தது பெரிய சர்ச்சையானது. புது வண்டியை மூடிவைத்துக் குளிர்காலம் முழுக்க உள்ளே இருக்கப்போகிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

நாய் பூனை வளர்ப்பவர் உயிர்போகும் விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டியது, உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவம். ஆர்.வி.யின் தண்ணீர்க் குழாய்களில் ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால். அவ்வளவு ஆபத்து இல்லை. எஞ்சினின் ரேடியேட்டரில் ஊற்றுவதில் வழக்கமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும், ஆகவே நாய் நக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவே அதிகம். சில மணி நேரத்துக்குள் மாற்று மருந்து கொடுக்காவிட்டால் காப்பாற்றுவது கடினம். முகாமில் பக்கத்து வண்டிக்கு அடியில் ஒழுகியிருப்பது எதுவென்று யாருக்குத் தெரியும்? வண்டிகள் பத்தடி இடைவெளியில் நிற்கும் குளிர்கால முகாமில், அக்கம்பக்கத்தாரின் பராமரிப்பும் நம் பூனையின் ஆயுளுக்குப் பொறுப்பு.

இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. பணமும் பழக்கமும் இருந்தால் போதும். தீர்க்க முடியாத சிக்கல் வண்டி பணிமனைக்குப் போகும் நாளில் வருகிறது. வீட்டில் இருப்பவருக்கு ஹீட்டர் பழுதானால் மெக்கானிக் வீட்டுக்கு வருவார். கார் பழுதானால் வீட்டில் காத்திருக்கலாம். முழுநேர ஆர்.வி.க்காரருக்கு எது பழுதானாலும் வீடே பணிமனைக்குப் போகிறது, உதிரிப் பாகம் வரும்வரை வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. பணிமனைக் கூடத்துக்குள் நாயை விடமாட்டார்கள். விடுதிகள் சில நாயை ஏற்கும், எடைக்கு வரம்பு வைக்கும், இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கும். இரண்டு நாய், ஒரு பூனை என்றால் உதடு பிதுக்கும். பிட்புல், ராட்வைலர், டாபர்மேன் இனங்களைக் காப்பீட்டைக் காரணம் காட்டி முகாம்களே பல நேரம் தடுக்கின்றன. இதற்கெல்லாம் மேலாக, பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதப் பத்திரத்தில், நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். வாழ்வதற்கென்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொருளில், வாழாதே என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் போன்ற கேலி வேறெங்கும் பார்க்கக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

நாயையும் பூனையையும் ஒரே மூச்சில் ‘செல்லப்பிராணிகள்’ என்று சொல்லிவிடுவது எழுத வசதி. இந்த வாழ்க்கையில் அவை இரண்டும் வேறு வேறு வழக்குகள். நாய் ஆளைச் சார்ந்தது. ஆள் இருக்கும் இடமே அதற்கு வீடு. பூனைக்கு இடம் முக்கியம். மூலைமுடுக்கெல்லாம் தன் கன்னத்தை உரசித் தன்னுடையதாக்கி வைத்திருக்கும். அதை ஒரே நாளில் பிடுங்கி, அதிர்ந்து ஓடும் பெட்டிக்குள் போட்டால் உண்ணாமல் கொள்ளாமல் கிடக்கும். பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெடும். எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வண்டியின் உட்புறம் மாறுவதே இல்லை, சன்னல்தான் மாறுகிறது. பழகிய பூனை அந்த உட்புறத்தையே தன் ராஜ்யமாக்கிக்கொண்டு, நாய்களைவிட நிம்மதியாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பொய்யர் என்று தள்ள முடியாது. பழகும்வரை ஆகும் காலம்தான் பிரச்சினை. குளிர்காலப் புறப்பாட்டில் அந்தக் காலம் கிடைப்பதில்லை. பனிப்புயல் வருவதற்குள் தெற்கே இறங்க வேண்டும், ஆகவே நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர். நின்றதும் பக்கச் சுவர் வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் ஸ்லைடு-அவுட் பல வண்டிகளில் உண்டு. மிரண்ட பூனை ஒளியத் தேடும் முதல் இடம் அதன் இயந்திர இடுக்கு. மறுநாள் காலை பூனை எங்கே என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தினால் நசுங்கிப்போகும்.

தெற்கே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். புதியவர்கள் வரைபடத்தில் மேலிருந்து கீழே பார்க்கிறார்கள். குளிரைத் தீர்மானிப்பது உயரமும்தான். அரிசோனா என்றதும் பாலைவனம் என்று நினைத்து ஐ-40 சாலையில் வருகிறவர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் இறங்கினால் முழங்கால் அளவு பனியில் நிற்பார். அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில், 330 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபீனிக்ஸில் ஆரஞ்சு காய்த்துத் தொங்கும். தாழ்ந்த நிலத்துக்கும் உத்தரவாதம் இல்லை. ‘குளிர்கால டெக்சாஸ்காரர்கள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் வடக்கத்தியர்கள் கூடும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு வரை 2021 பிப்ரவரியில் உறைபனி இறங்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் அறுந்தது. குளிரிலிருந்து தப்பி வந்தவர்களைக் குளிர் பின்தொடர்ந்து வந்து பிடித்தது.

நாய்க்கோ தெற்கு வேறு கடனை வைத்திருக்கிறது. தென் அரிசோனாவின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகள் தூசியோடு பறந்து நுரையீரலுக்குள் போய் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என்ற நோயைத் தருகின்றன. மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். மண்ணைத் தோண்டி மூக்கை நுழைப்பது நாயின் தொழில் என்பதால் அதற்கு வாய்ப்பு அதிகம். இருமலில் தொடங்கும். எலும்புக்குப் பரவினால் நொண்டும். மருந்து மாதக்கணக்கில், சில நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில். வசந்தத்தில் மினசோட்டாவுக்குத் திரும்பியபின் நாய் இருமத் தொடங்கினால், அங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராமலும் போகலாம். “குளிர்காலத்தில் அரிசோனாவில் இருந்தோம்” என்று வளர்ப்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மெக்சிகோ வளைகுடாக் கரைக்குப் போனால் கொசு மூலம் பரவும் இதயப்புழு. பாலைவனத்தில் சோயா என்ற கள்ளி தொட்டால் ஒட்டிக்கொண்டு கழன்றுவரும். வாயால் பிடுங்கப் போகும் நாயின் நாக்கில் ஏறும். அதை எடுக்கச் சீப்பு ஒன்றைப் பையில் வைத்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சின்ன நாயைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போனால் நரி போன்ற கயோட்டி தூக்கிக்கொண்டு போகும்.

காகித விஷயங்கள் சலிப்பூட்டுபவை, வேகமாகக் கடந்துவிடலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். கனடாவிலிருந்து இறங்குபவர்களின் நாய்க்கு, 2024 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தது ஆறு மாத வயதும் உடலில் மைக்ரோசிப்பும் நிரப்பிய படிவமும் கட்டாயம். தேசியப் பூங்காக்களின் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆறடிக் கயிறும் வண்டிச்சாலை ஓரமும்தான். இயற்கையை நாயோடு ரசிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. ஆனால் வனத்துறை, நில மேலாண்மைத் துறை நிலங்கள் தாராளமானவை. இதில் உண்மையான தலைவலி மருந்துச் சீட்டு. நேரில் பார்த்த மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. வலிப்பு மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ தின்னும் கிழநாய்க்கு ஒவ்வொரு ஊரிலும் புது மருத்துவர், புது ரத்தப் பரிசோதனை, புது ரசீது.

இத்தனையும் அடுக்கியபின், இதைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பு எழுதலாம்தான். எழுதத் தயங்குகிறேன். கிளம்புகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் அல்ல. அமெரிக்காவில் நாய் வைத்திருப்பவருக்கு வாடகை வீடு கிடைப்பது பாடு. கிடைத்தாலும் நாய்க்குத் தனி முன்பணம், தனி மாத வாடகை. வீடற்றோர் காப்பகங்கள் பல நாயை வாசலிலேயே நிறுத்திவிடும். வேலையும் வீடும் போன ஒருத்தி, பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கித் தன் நாயோடு ஜனவரியில் கிளம்பினால், அவள் முன்னால் இருந்த மற்ற வழி நாயைக் கைவிடுவது. அந்த நாய்க்கு இந்தக் குளிர்ந்த பெட்டி மேலானது. இந்தப் பழக்கத்தின் கடும் விமர்சகர்கள் சூடேற்றிய வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நானும் சேர்த்து. என் குறையெல்லாம் வழி இருப்பவர்கள்மேல்தான். மார்ச் வரை காத்திருக்க முடிந்தும், புது வண்டியின் மோகத்தில், ஒரு குளிரையும் பார்க்காத வாகனத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குமேல் பழகாத பூனையை ஏற்றிக்கொண்டு ஜனவரியில் கிளம்புகிறவர்கள் அவர்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு இரக்கம் போதும். இவர்களிடம் கணக்குக் கேட்கலாம்.

அந்தக் கணக்கு எளிமையானது. வீட்டுச் சாவியை ஒப்படைப்பதற்கு முன், அந்த ஆண்டின் மிகக் குளிரான வாரத்தில், வண்டியைத் தங்கள் வாசலிலேயே நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, நாய் பூனையோடு உள்ளே படுக்க வேண்டும். சிலிண்டர் எத்தனை மணிக்குத் தீர்கிறது, எந்தக் குழாய் முதலில் உறைகிறது, மெத்தையின் அடி எவ்வளவு நனைகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். தவறினால் நாலு எட்டில் வீடு. வண்டியின் தவணையைக் கணக்குப் போடும்போதே, பணிமனை நாள்களில் நாயை விடக் கட்டணக் காப்பகத்துக்கும் ஆளுக்கு விடுதிக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அந்தத் தொகை இல்லையென்றால் வண்டி விலை கட்டுப்படியாகவில்லை என்று பொருள். எஜமானரே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நாயை வந்து எடுத்துக்கொள்ள ஒருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க வரும் ஆம்புலன்ஸ்காரர் பூனையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பூனை உள்ளவர்கள் இதோடு இன்னும் சில வாரம் சேர்த்துக்கொள்ளலாம். நிற்கும் வண்டியில் அதற்குச் சோறு வைத்து, மண்தட்டை இனி இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, ஸ்லைடு-அவுட்டை நீட்டி மடக்கி, ஒவ்வொரு முறையும் அது எங்கே ஓடி ஒளிகிறது என்று பார்த்து, அந்த இடுக்கைப் பலகை வைத்து அடைக்கும்வரை.